ஐயாயிரம் கிலோமீட்டர் ஸ்டிக்கரும் 17,860 ரூபாய் எஸ்டிமேட்டும்

தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து ஓர் ஆசிரியை எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இரண்டையும் விட்டுவிட்டோம். கடிதத்தின் சாரம் இது.

2021 அக்டோபரில் 1.2 லிட்டர் பெட்ரோல் கார் ஒன்றைப் புதிதாக வாங்கினார். நான்கு வருஷத்தில் ஓடியிருப்பது 27,400 கிலோமீட்டர். பள்ளிக்கூடம் ஆறு கிலோமீட்டர் தொலைவில். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மகளைப் பார்க்கச் சென்னைக்கு அவரே ஓட்டிப் போகிறார். ஐந்தாம் வருஷம் வரைக்கும் எக்ஸ்டெண்டட் வாரன்டி வாங்கியிருக்கிறார். வாங்கிய டீலரின் சர்வீஸ் சென்டரிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை போன் வந்துவிடும். கண்ணாடியில் ஒட்டும் ஸ்டிக்கரில் 'அடுத்த சர்வீஸ்: 5,000 கி.மீ. / 6 மாதம்' என்று எழுதியிருக்கும். இலவச சர்வீஸ் முடிந்த பிறகு எட்டாயிரத்துக்குக் குறைந்து பில் வந்ததில்லை. இந்த முறை 17,860 ரூபாய்க்கு எஸ்டிமேட். 'இப்போ எத்தனால் பெட்ரோல் மேடம், இன்ஜெக்டர் அடைச்சுக்கும்', 'ரெக்கமண்டேஷன் எதையாவது விட்டா வாரன்டி போயிடும்' என்று சர்வீஸ் அட்வைசர் சொல்ல, யோசித்துச் சொல்கிறேன் என்று வண்டியைத் திருப்பி எடுத்து வந்துவிட்டார். ஊர் மெக்கானிக் 'எல்லாம் சேர்த்து 3,500 ரூபாய்' என்கிறார். தம்பியோ, 'ஆயில் தேன் கலரில் இருக்கிற வரைக்கும் தொடாதே, வருஷக் கணக்கெல்லாம் ஏமாத்து வேலை' என்கிறார்.

ஆசிரியையின் கேள்விகள் நான்கு. ஸ்டிக்கர் சொல்லும் 5,000 சரியா, கையேடு சொல்லும் 10,000 சரியா? வாரன்டி நிஜமாகவே போய்விடுமா? மெக்கானிக்கிடம் விடலாமா? இதுவரை தேவையில்லாமல் கட்டிய பணத்தைத் திரும்ப வாங்க வழி உண்டா? எஸ்டிமேட்டையும் கையேட்டின் பராமரிப்புப் பக்கங்களையும் படம் எடுத்து அனுப்பியிருந்தது பெரிய உதவி.

இனி உங்களுக்கு. கையெழுத்துப் போடாமல் வண்டியை எடுத்து வந்தது நல்ல காரியம். வேலை தொடங்கும் முன் எஸ்டிமேட்டில் எந்த வரியையும் அடிக்கச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. வேலை முடிந்து பில் வந்த பிறகு வாதாடுவது வேறு, மிகவும் கடினம்.

கையேட்டில் அட்டவணை இரண்டு

ஸ்டிக்கர் முழுப் பொய், கையேடு முழு உண்மை என்று நினைத்திருக்கிறீர்கள். அதைக் கொஞ்சம் திருத்த வேண்டும். நீங்கள் அனுப்பிய படத்தில் இருப்பது சாதாரணப் பயன்பாட்டுக்கான அட்டவணை: எஞ்சின் ஆயில் 10,000 கி.மீ. அல்லது 12 மாதம், எது முந்துகிறதோ அது. அதற்கு அடுத்த பக்கத்தையும் புரட்டுங்கள். பெரும்பாலான தயாரிப்பாளர்களின் கையேட்டில் 'கடினப் பயன்பாடு' என்று இரண்டாவது அட்டவணை ஒன்று இருக்கும். எட்டு கிலோமீட்டருக்கும் குறைந்த ஓட்டம் திரும்பத் திரும்ப, 32 டிகிரிக்கு மேற்பட்ட வெயிலில் நெரிசலான நகர ஓட்டம், புழுதிச் சாலை, எஞ்சினை அணைக்காமல் நெடுநேரம் நிறுத்தி வைப்பது, டாக்ஸி ஓட்டம், இன்னொரு வண்டியை இழுப்பது என்று பட்டியல் போகும். இவற்றில் அடங்கும் வண்டிக்கு ஆயில் கெடு ஏறக்குறைய பாதியாகக் குறையும். ஸ்டிக்கரின் 5,000 அங்கிருந்து வருகிறது.

உங்கள் பள்ளிக்கூட ஓட்டம் ஆறு கிலோமீட்டர்தான். சித்திரை வெயிலும் இருக்கிறது. அந்தப் பட்டியலில் உங்கள் வண்டி ஒரு காலை வைத்திருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும். குறைந்த தூர ஓட்டத்தில் ஆயில் ஏன் கெடுகிறது என்றால், எஞ்சினில் பெட்ரோல் எரியும்போது உண்டாகும் நீராவியும் எரியாத பெட்ரோலும் பிஸ்டன் ரிங் வழியாகக் கொஞ்சம் கீழே ஆயிலுக்குள் இறங்கும். ஆயில் நன்றாகச் சூடேறி அரைமணி நேரம் ஓடினால் அவை ஆவியாகிப் போய்விடும். டாஷ்போர்டில் வெப்பநிலை சரி என்று காட்டுவது கூலன்ட்டின் சூடு. ஆயில் சூடேற இன்னும் நேரம் பிடிக்கும். ஆறு கிலோமீட்டரில் அணைத்துவிட்டால் ஈரம் உள்ளேயே தங்கிவிடுகிறது.

ஆனால் உங்கள் ஓட்டத்தின் மறுபாதியையும் பார்க்க வேண்டும். பள்ளிக்குப் போய் வருவது வருஷத்துக்குச் சுமார் 2,600 கி.மீ.தான் வரும். மிச்சம் நாலாயிரத்துச் சொச்சம் சென்னை நெடுஞ்சாலை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஆறேழு மணி நேரம் தொடர்ந்து ஓடும் எஞ்சினில் ஈரம் தங்க இடமில்லை. என் கணிப்பில், தயாரிப்பாளர் சொன்ன தரத்தில் சிந்தடிக் ஆயில் ஊற்றியிருந்தால் உங்களுக்கு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும். வாரன்டி முடியும்வரை மனசு சஞ்சலப்படாமல் இருக்க வேண்டும் என்றால், நடுவில் ஆறாம் மாதம் ஆயிலும் ஆயில் ஃபில்டரும் மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். உங்கள் எஸ்டிமேட் விலைப்படியே பார்த்தால் கூலியோடு இரண்டாயிரத்து ஐந்நூறைச் சுற்றி முடிய வேண்டிய வேலை.

அந்த இரண்டாவது அட்டவணையை முழுசாகப் படித்தவர்கள் குறைவு. அது சீக்கிரம் மாற்றச் சொல்வது ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், இப்படி நாலைந்து பொருளை. சில இடங்களில் பிரேக்கை அடிக்கடி சோதிக்கச் சொல்லும். எஞ்சின் ஃப்ளஷ், இன்ஜெக்டர் க்ளீனிங், பாலீஷ் எல்லாம் பொதுவாக இந்த அட்டவணைகளில் இருக்காது. உங்கள் சர்வீஸ் சென்டர் கெடுவைக் கடின அட்டவணையிலிருந்து எடுத்துக்கொண்டு, வேலைப் பட்டியலைத் தன் விலைப்பலகையிலிருந்து எடுத்திருக்கிறது.

எஸ்டிமேட்டின் பன்னிரண்டு வரிகள்

எஞ்சின் ஆயில் நான்கு லிட்டர், 2,360 ரூபாய். நீங்கள் அனுப்பிய கையேட்டுப் பக்கத்தில் ஃபில்டரோடு சேர்த்து 3.1 லிட்டர் என்று அச்சாகியிருக்கிறது. நிஜமாகவே நான்கு லிட்டர் ஊற்றினால் டிப்ஸ்டிக்கின் மேல் குறியைத் தாண்டி வெகுதூரம் ஏறிவிடும். அப்போது சுழலும் கிராங்க்ஷாஃப்ட் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும். நுரைத்த ஆயில் உராய்வைத் தடுக்காது, ஆயில் சீல்களும் கசியத் தொடங்கும். ஆகவே ஊற்றியது 3.1 ஆகவும் எழுதியது 4 ஆகவும் இருக்கவே வாய்ப்பு அதிகம். வித்தியாசம் 0.9 லிட்டர், உங்கள் விலைக்கு 531 ரூபாய். பேரலிலிருந்து ஊற்றினால் அளவுப்படி பில் போடச் சொல்லுங்கள். டப்பாவாகத்தான் விற்பார்கள் என்றால் மீதி ஆயிலை டப்பாவோடு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சென்னைப் பயணத்தில் குறைந்தால் ஊற்ற உதவும்.

ஆயில் ஃபில்டரும் வாஷரும், 190 ரூபாய். வேண்டும். வடிகால் போல்ட்டின் வாஷரைப் புதிதாகப் போடாமல் பழையதையே முறுக்குவதுதான் பல வீடுகளில் கார் நிற்கும் இடத்தில் சொட்டுச் சொட்டாக ஆயில் கறை விழக் காரணம்.

எஞ்சின் ஃப்ளஷ், 650 ரூபாய். வேண்டாம். பழைய ஆயிலில் ஒரு கரைப்பானை ஊற்றி பத்து நிமிடம் ஓடவிட்டு வடிப்பார்கள். வடித்த பிறகும் எஞ்சினின் இண்டு இடுக்குகளில் கொஞ்சம் தங்கும். அது புதிய ஆயிலோடு கலந்து அதன் பிசுபிசுப்பைக் குறைக்கும். நேரத்துக்கு ஆயில் மாற்றிய உங்கள் எஞ்சினில் கரைக்கவும் ஒன்றுமில்லை. ஆண்டுக் கணக்கில் ஆயில் மாற்றாமல் கசடு படிந்த எஞ்சினிலோ ஃப்ளஷ் இன்னும் ஆபத்து. கட்டியாகப் பெயரும் கசடு ஆயில் பம்பின் சல்லடையை அடைத்துவிடும்.

இன்ஜெக்டர் க்ளீனிங்கும் பெட்ரோலில் ஊற்றும் திரவமும், 1,450 ரூபாய். பெட்ரோலைப் பீய்ச்சும் முனைதான் இன்ஜெக்டர். உங்கள் எஞ்சினில் பெட்ரோல் வால்வுக்கு முன்னாலேயே பீய்ச்சப்படுகிறது. அது வால்வின் பின்புறத்தைத் தானே கழுவிக்கொண்டு போகும். வால்வில் கரி படியும் தொல்லை, பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் எஞ்சின்களுக்கு உரியது. டர்போ பெட்ரோல் கார்கள் பலவற்றில் அந்த அமைப்பு உண்டு. வேடிக்கை என்னவென்றால், டாங்கில் ஊற்றும் திரவம் அந்த எஞ்சின்களின் வால்வை எட்டவே எட்டாது, ஏனென்றால் பெட்ரோல் அந்தப் பக்கம் போவதே இல்லை. நின்ற இடத்தில் வண்டி உதறினால், பிக்கப் விழுந்தால், எஞ்சின் விளக்கு எரிந்தால் ஸ்கேனரில் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். எத்தனால் விஷயம் தனி. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலில் மைலேஜ் கொஞ்சம் குறையும். அதற்காக வடிவமைக்கப்படாத பழைய வண்டிகளில் ரப்பர் குழாய்களையும் சீல்களையும் கவனிக்க வேண்டும். பெட்ரோல் வாடை வருகிறதா, குழாய் இணைப்பில் ஈரம் தெரிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அந்தக் கவலைக்கும் இன்ஜெக்டரைக் கழுவுவதற்கும் சம்பந்தமில்லை.

த்ராட்டில் பாடி க்ளீனிங், 750 ரூபாய். எஞ்சினுக்குள் காற்றை விடும் கதவு இது. வண்டி நின்றபடி எஞ்சின் ஓடும்போது ஆர்பிஎம் முள் ஏறி இறங்கி ஆடாத வரைக்கும் வேண்டாம்.

ஏசி கிருமிநீக்கமும் நுரை க்ளீனிங்கும், 1,350 ரூபாய். ஏசி போட்டதும் புளித்த வாடை வந்தால் மட்டும். வாடை வராமலிருக்கச் செலவில்லாத வழி ஒன்று உண்டு: வீடு வர இரண்டு மூன்று நிமிடம் இருக்கும்போதே ஏசி பொத்தானை அணைத்துவிட்டு ஃபேனை மட்டும் ஓடவிடுங்கள். உள்ளே ஈரமான எவாப்பரேட்டர் காய்ந்துவிடும்.

ஏசி ஃபில்டர், 480 ரூபாய். வேண்டியதுதான், ஆனால் நீங்களே மாற்றலாம். பெரும்பாலான சின்ன கார்களில் கிளவ் பாக்ஸின் இரு பக்கத்தையும் உள்நோக்கி அழுத்தினால் அது கீழே இறங்கும். பின்னால் நீளவாக்கில் ஒரு மூடி. திறந்தால் ஃபில்டர் டிராயர் போல வெளியே வரும். அதன் ஓரத்தில் அச்சிட்ட அம்புக்குறி எந்தப் பக்கம் காட்டியதோ அதே பக்கம் புதியதையும் வையுங்கள். ஐந்து நிமிட வேலை.

பிரேக் க்ளீனிங்கும் கிரீஸும், 980 ரூபாய். இதை அடிக்காதீர்கள். பின்சக்கர டிரம்மில் சேரும் தூளைத் தட்டுவதும், முன்பக்கத்தில் பிரேக் பேடை அழுத்திப் பிடிக்கும் காலிப்பரின் பின்களுக்குக் கிரீஸ் வைப்பதும் வருஷத்துக்கு ஒருமுறை நல்லது. அந்தக் காலிப்பர் பின் இறுகிப்போனால் ஒரு பக்கத்து பேட் மட்டும் தேயும். 'பேட் எத்தனை மில்லிமீட்டர் இருக்கிறது?' என்று மட்டும் கேளுங்கள். புதியதில் ஏறக்குறைய 10 மி.மீ. இருக்கும். மூன்றை நெருங்கினால் மாற்றலாம். 'அம்பது பர்சன்ட் தேஞ்சிருக்கு' என்ற பதிலை ஏற்காதீர்கள். அதற்கு இன்னும் ஐந்து மில்லிமீட்டர் மிச்சம் என்று பொருள்.

வீல் அலைன்மென்ட், பேலன்சிங், ரொட்டேஷன், 1,250 ரூபாய். டயரை இடம் மாற்றுவது 10,000 கி.மீ.க்கு ஒருமுறை சரி. வண்டி ஒரு பக்கம் இழுத்தாலோ, டயர் ஓரம் மட்டும் தேய்ந்தாலோ, பெரிய பள்ளத்தில் விழுந்தாலோ, ஸ்டியரிங் பாகம் ஏதாவது மாற்றினாலோதான் அலைன்மென்ட். பேலன்சிங் வேண்டும் என்பதை 80, 90 கி.மீ. வேகத்தில் நடுங்கும் ஸ்டியரிங்கே சொல்லிவிடும். அலைன்மென்ட் செய்தால், செய்வதற்கு முந்தைய அளவு, செய்த பிறகான அளவு இரண்டும் உள்ள அச்சுத்தாளைக் கேட்டு வாங்குங்கள். உங்களது போன்ற சிறிய கார்களில் பெரும்பாலும் திருத்த முடிவது முன்சக்கரங்களின் டோ அளவு, அதாவது சக்கரம் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு, ஒன்றுதான். பின்சக்கர அளவுகள் அந்தத் தாளில் சிவப்பாகவே இருந்தாலும் அவர்களால் அதைத் திருத்த வழியில்லை.

அண்டர்பாடி கோட்டிங், 3,900 ரூபாய். கடற்கரையோரம் குடியிருந்து, வண்டியும் புதிதாக இருந்து, அடிப்பாகத்தைக் கழுவிக் காயவைத்து அடித்தால் பயன் உண்டு. நான்கு வயது வண்டியில் மண்ணும் ஈரமும் இருக்கும்போதே அதன் மேல் கருப்பு பூச்சை அடித்தால் துரு உள்ளே ஒளிந்து வளரும். கதவின் அடியில் தண்ணீர் வடியும் துளைகளையும் சேர்த்து அடைத்துவிடுவார்கள். வேண்டாம். பாடி பாலீஷ் 2,600 ரூபாய் அழகுக் கணக்கு. ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் மேல் வார்னிஷ் மைக்ரான் கணக்கில் குறையும் என்பதை மட்டும் தெரிந்துகொண்டு, ஆசைப்பட்டால் எப்போதாவது செய்யுங்கள்.

கடைசி வரி கூலி, 1,900 ரூபாய். மேலே வேண்டாம் என்று சொன்ன வேலைகளின் கூலி இதில் கலந்திருக்கிறதா என்று பிரித்துக் கேளுங்கள். ஜிஎஸ்டி வரி எவ்வளவு என்றும் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம்தான். பழைய 28 சதவீதம் எங்காவது ஒட்டிக்கொண்டிருந்தால் சுட்டிக்காட்டுங்கள்.

ஆக, ஆயில் 3.1 லிட்டருக்கு 1,829, ஃபில்டர் 190, ஏசி ஃபில்டர் 480, பிரேக் 980, கூலி முழுசாக 1,900 என்று வைத்தாலும் 5,379 ரூபாய்.

எஸ்டிமேட்டில் இல்லாத முக்கியமான வேலை

பன்னிரண்டு வரியில் பிரேக் ஆயில் இல்லை. உங்கள் பழைய பில் விவரத்திலும் அது ஒருமுறைகூட வரவில்லை. எனக்கு உறுத்துவது இதுதான். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் பொருள். டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரியில்தான் கொதிக்க வேண்டும் என்பது தர அளவு. ஈரம் ஏறிய நிலைக்கு அந்த அளவு 155 டிகிரிதான். ஏற்காட்டிலிருந்தோ கொடைக்கானலிலிருந்தோ பிரேக்கை அழுத்தியபடியே இறங்கும்போது சூட்டில் அது கொதித்துக் குழாயில் ஆவிக்குமிழ் உண்டானால், பெடல் பஞ்சு போல அமுங்கும், வண்டி நிற்காது. பெரும்பாலான கையேடுகள் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கின்றன. உங்களுக்கு நான்கு வருஷம் ஆகிவிட்டது. நான்கு சக்கரத்திலும் பழையது வெளியேறித் தெளிவான புதிய திரவம் வரும்வரை வடிக்க வேண்டும். மேலே உள்ள டப்பாவில் மட்டும் உறிஞ்சிவிட்டு நிரப்பினால் மாற்றியதாகாது. இதைச் சேர்த்தாலும் மொத்தம் ஆறரையாயிரத்தை ஒட்டித்தான் வரும்.

டயரின் பக்கவாட்டில் 'DOT' என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கத்தையும் பார்த்துவிடுங்கள். 3421 என்றிருந்தால் 2021ஆம் ஆண்டின் 34ஆம் வாரத்தில் செய்தது. தேய்மானம் குறைவாக இருந்தாலும் ஆறு வயதை நெருங்கும் டயரை நெடுஞ்சாலைக்கு நம்ப வேண்டாம். கூலன்ட் பற்றிக் கேட்டால் கையேட்டைப் பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லுங்கள். நீண்ட ஆயுள் கூலன்ட் ஊற்றிய வண்டிகளில் முதல் மாற்றமே லட்சம் கிலோமீட்டரைத் தாண்டி வருவதுண்டு.

வாரன்டி போய்விடுமா?

அட்வைசர் சொன்னதில் பாதி மெய். வாரன்டி புத்தகங்களில், குறிப்பாக எக்ஸ்டெண்டட் வாரன்டி ஒப்பந்தங்களில், அட்டவணைப்படியான சர்வீஸை அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் உரிய காலத்தில் செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை வழக்கமாக இருக்கும். எத்தனை நாள், எத்தனை கிலோமீட்டர் முன்பின் ஆகலாம் என்பதும் அங்கேதான் எழுதியிருக்கும். நிபந்தனை பேசுவது அட்டவணையைப் பற்றி. அட்வைசரின் பரிந்துரையைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இருக்காது. ஃப்ளஷும் பாலீஷும் செய்யாததற்காக ஏசி கம்ப்ரஸர் வாரன்டியை மறுக்க அதில் இடமில்லை. 'எந்த நிபந்தனைப்படி போகும், பக்க எண்ணைச் சொல்லி வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்' என்று கேட்டாலே பேச்சு மாறும்.

வெளியில் சர்வீஸ் செய்தால் என்ன என்பதற்கு ஒரு முக்கியமான உத்தரவு இருக்கிறது. 2014 ஆகஸ்ட் 25 அன்று, சந்தையில் நியாயமான வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்து, மொத்தம் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வெளி மெக்கானிக்கிடம் போனால் வாரன்டி மொத்தமாக ரத்து என்று பொதுப்படையாக நிபந்தனை போடக்கூடாது, வெளியில் செய்த தவறான வேலையால் எந்தச் சேதம் வந்ததோ அந்த அளவுக்கு மட்டுமே மறுக்கலாம் என்பது அதில் ஒரு கட்டளை. அதன்பின் மேல்முறையீடு, உயர் நீதிமன்றம் என்று விவகாரம் நீண்டது. ஆகவே இதை வாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், வாரன்டிக்கு இன்சூரன்ஸாக நினைக்காதீர்கள். உங்களுக்கு இன்னும் ஒரு வருஷத்துக்கும் குறைவான வாரன்டிதான் பாக்கி. அதுவரை வருஷ சர்வீஸை அங்கேயே, அட்டவணையில் உள்ளதை மட்டும் செய்து, பில்லைப் பத்திரப்படுத்துவதே எனக்குச் சரியாகப் படுகிறது.

தம்பியும் மெக்கானிக்கும்

தம்பி சொல்லும் தேன் நிறக் கணக்கு சரிவராது. நல்ல ஆயில் கசடைத் தன்னுள் ஏந்திக்கொள்வதால் சீக்கிரம் கறுக்கும். நிறம் மாறாத ஆயில் ஈரம் ஏறி, சேர்மானங்கள் தீர்ந்தும் இருக்கலாம். கண்ணுக்குத் தெரியாது. கிலோமீட்டர் ஆகாவிட்டாலும் 12 மாதம் தாண்டக்கூடாது என்பதை யாரும் ஏமாற்றுக்காக எழுதவில்லை.

மெக்கானிக்கைப் பொறுத்தவரை, வாரன்டி முடிந்த பிறகு தாராளமாகப் போகலாம். ஆனால் 3,500 ரூபாயில் என்ன ஆயில் என்று கேளுங்கள். கையேடு 0டபிள்யூ-20 என்ற மெல்லிய ரக ஆயிலைச் சொல்லும் எஞ்சினுக்கு, 'நம்ம வெயிலுக்குக் கெட்டிதான் நல்லது' என்று 20டபிள்யூ-50 ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். இன்றைய எஞ்சினின் வால்வு நேரத்தை மாற்றும் அமைப்பு ஆயில் அழுத்தத்தால் இயங்குவது. அதன் துளைகள் மெல்லிய ஆயிலுக்காக அமைந்தவை. கம்பெனியின் உதிரிபாகக் கடையில் ஆயில், ஃபில்டர், வாஷர் மூன்றையும் நீங்களே பில்லோடு வாங்கிக் கொடுத்துவிட்டுக் கூலி மட்டும் பேசுங்கள். எஞ்சின் அறைக்குள் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவ வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள். மின் இணைப்புகளில் ஈரம் இறங்கினால் அந்தச் செலவு தனி.

கட்டிய பணம் திரும்புமா?

மனதைத் தேற்ற ஒன்றைச் சொல்லிவிட்டு உண்மையை மறைக்க விரும்பவில்லை. நீங்கள் ஜாப் கார்டில், அதாவது செய்யப்போகும் வேலைகளை எழுதும் தாளில், கையெழுத்திட்டு, அவர்கள் செய்தும் முடித்த வேலைக்கு, தேவையில்லாத வேலை என்ற காரணத்தை மட்டும் சொல்லிப் பணம் வாங்குவது கடினம். வழக்குக்கு வலு சேர்ப்பவை மூன்று: உங்கள் ஒப்புதலே இல்லாமல் சேர்த்த வேலை, செய்யாமலே பில் போட்ட வேலை, செய்யாவிட்டால் வாரன்டி ரத்து என்று பொய்யாகச் சொல்லிச் செய்யவைத்ததற்கு எழுத்துச் சான்று. ஆயில் அளவு இரண்டாவது வகையில் வரும். பழைய பில்களிலும் 4 லிட்டர்தானா என்று பாருங்கள்.

முதலில் சர்வீஸ் மேலாளருக்கும் தயாரிப்பு நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் ஒரே மின்னஞ்சல்: பில் எண், தேதி, கையேட்டுப் பக்கத்தின் படம், கேட்கும் தொகை. பதினைந்து நாள் அவகாசம் கொடுங்கள். அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேல் என்றால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி மாவட்ட ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். அதைத் தாண்டிய பில்களை மறந்துவிடுங்கள்.

வண்டி விடும் நாளில்

வண்டியை எடுத்துப் போக ஆள் அனுப்பச் சொல்லாதீர்கள், ஒருமுறை நேரில் போங்கள். அட்வைசருக்கு மாத இலக்கு இருக்கும். இந்த 'வேல்யூ ஆடட்' வேலைகளை விற்பது அவர் வேலையின் ஒரு பகுதி. அவரிடம் கோபிக்க வேண்டியதில்லை, வேண்டாம் என்று சொன்னால் போதும். ஓடோமீட்டரையும் டிப்ஸ்டிக்கையும் படம் எடுங்கள். பழைய ஆயில் ஃபில்டரில் மார்க்கர் பேனாவால் ஒரு புள்ளி வைக்கலாம். பல கார்களில் அது கீழே இருக்கும், எட்டாவிட்டால் விட்டுவிடுங்கள். கழற்றிய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும் என்று ஜாப் கார்டிலேயே எழுதச் சொல்லுங்கள், மாலையில் போய்க் கேட்டால் குப்பைக்குப் போயிருக்கும். வண்டி எடுக்கும்போது சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து ஐந்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கைத் துடைத்துச் செருகிப் பாருங்கள். ஆயில் இரண்டு குறிக்கும் நடுவில் இருக்க வேண்டும், மேல் குறியைத் தாண்டக்கூடாது.

முதல் நாளே அட்வைசருக்கு இதை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்: "நாளை வண்டி கொண்டு வருகிறேன். எஞ்சின் ஆயில் 3.1 லிட்டர், ஆயில் ஃபில்டர், வாஷர், பிரேக் க்ளீனிங், பிரேக் ஆயில் முழு மாற்றம், டயர் ரொட்டேஷன், அட்டவணையில் உள்ள சோதனைகள். இவை மட்டும். ஏசி ஃபில்டர் நானே மாற்றிக்கொள்கிறேன். வேறு எதுவும் தேவை என்று தெரிந்தால் அளவையும் படத்தையும் இங்கே அனுப்பவும். நான் எழுத்தில் சரி என்று சொன்ன பிறகு செய்தால் போதும்."